2998க்கும் 3000க்கும் நடுவில் ஒரு பெயர்

முதலில் ஒரு சின்ன வேலை. இந்த வரியில் இரண்டு எழுத்து இருக்கு: ஸ்ரீ, ஶ்ரீ. உங்க போனில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். எழுத்துரு பழசா இருந்தால் இரண்டாவது கொஞ்சம் உடைஞ்சு தெரியலாம். முதலாவதை மட்டும் கொப்பி பண்ணி இந்தப் பக்கத்துக்குள்ளேயே தேடிப் பாருங்க. பெரும்பாலும் இரண்டாவது அகப்படாது. கண்ணுக்கு ஒண்ணு, மெஷினுக்கு ரெண்டு.

என் தங்கச்சியோட பேரு இந்த எழுத்தில்தான் தொடங்குது. மிச்சத்தை இங்கே எழுதப்போறதில்லை, அவளுக்கு அது பிடிக்காது. போன வருசம் ஒரு பயிற்சி நெறிக்கு விண்ணப்பிச்சாள். வட்டகொடையில் ஒரு கடையில் காசு கொடுத்து ஒன்லைனில் படிவம் நிரப்பினோம். பதிஞ்சாச்சு என்று செய்தியும் வந்தது. சொன்ன நாளில் விடியக்காலையே எழும்பி பஸ் பிடிச்சுப் போனோம். அங்கே இருந்த அம்மா நல்லவங்கதான். தமிழில் தட்டித் தேடினாங்க. "பேரு இல்லையே தங்கச்சி" என்றாங்க. திரும்பத் தட்டினாங்க. இல்லை. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துத் தட்டினாங்க. இல்லை. கடைசியில், பதிவில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் வேற மாதிரி இருக்கணும், அதனால் சத்தியக்கடதாசி ஒன்று முடிச்சுக்கிட்டு வாங்க என்று அனுப்பிட்டாங்க.

எந்த அலுவலகம், எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அந்த அம்மா மேல எனக்குக் கோபமில்லை. ஒரு கிழமை கழிச்சுத் திரும்பப் போனபோது நான் ஒண்ணு கேட்டேன்: "முதல் எழுத்தை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் தேடுங்களேன்." தேடினாங்க. வந்துச்சு. என் தங்கச்சியோட பேரு, அப்பா பேரு, தோட்டத்து விலாசம், எல்லாம் சரியா அங்கேயே இருந்துச்சு. அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தாங்க. ஒரு வித்தியாசமும் இல்லை. "என்ன பேய் வேலையோ" என்று சிரிச்சாங்க.

பேய் வேலை இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டையும் பிரிச்சுப் பார்த்தேன். கடையில் தட்டின பெயர் 3000இல் தொடங்கியிருந்தது. அலுவலகத்தில் தட்டின பெயர் 2998இல் தொடங்கியது. இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் விழுந்துதான் என் தங்கச்சி காணாமல் போயிருந்தாள்.

இந்தக் கதை எங்க வீட்டுக்கு மட்டும் உரியதா இருந்தால் எழுத வேண்டியதில்லை. உங்க வகுப்பில், உங்க லயத்தில் ஸ்ரீயில் தொடங்குற பெயர் எத்தனை என்று விரலை மடக்கி எண்ணிப் பாருங்க. ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன், ஸ்ரீதேவி, ஸ்ரீபிரியா, ஜெயஸ்ரீ, தனுஸ்ரீ. அப்புறம் இது யாரோட பிரச்சினை என்று சொல்லுங்க.

*

எப்படி இந்த இரண்டு எண் வந்தது? கொஞ்சம் பொறுமையா கேளுங்க. தெரியாமல் சண்டை போட முடியாது.

கம்பியூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். உலகத்து எழுத்துக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கிற அட்டவணைதான் யுனிகோட். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் தமிழுக்கென்று யாரும் உட்கார்ந்து யோசிச்ச அட்டவணை இல்லை அது. இந்திய அரசு 1988இல் எல்லா இந்திய மொழிக்கும் பொதுவாகப் போட்ட ஒரு திட்டத்தைப் பார்த்து வச்சது. தேவநாகரி வரிசைதான் அச்சு. அதில் தமிழைப் பொருத்தினாங்க. அதனால்தான் நம்ம பகுதியில் க என்ற எழுத்துக்கு அடுத்து மூன்று இடம் காலியா கிடக்குது. நம்மகிட்ட இல்லாத வடமொழி எழுத்துக்களுக்கான நாற்காலிகள் அவை.

அந்த அட்டவணையில் கி என்ற எழுத்துக்கு எண் இல்லை. க 2965, இகரக் குறி 3007. இரண்டையும் சேர்த்தால் கி. ஸ்ரீ என்பதற்கும் தனி எண் இல்லை. நான்கு எண்ணைக் கோர்க்கணும். முதலில் ஒரு மெய்யின் எண், அப்புறம் புள்ளி 3021, ர 2992, ஈகாரக் குறி 3008. சரி, அந்த முதல் எழுத்து எது?

இங்கேதான் சிக்கல். உச்சரிப்புப்படியும் சொல்லின் வேர்ப்படியும் பார்த்தால் அது ஶ. நம்மில் முக்கால்வாசிப் பேர் கண்ணால் பார்த்தே இருக்காத எழுத்து. 1991 அட்டவணையில் அந்த எழுத்தே இல்லை. அதனால் பக்கத்தில் இருந்த ஸ என்ற 3000ஐ வச்சு ஒப்பேத்தினாங்க. ஊரெல்லாம் அப்படியே தட்டிச்சு. 2005இல் யுனிகோடின் 4.1ஆம் பதிப்பில் ஶ உள்ளே வந்தது. எண் 2998. அன்றிலிருந்து சரியான முறை 2998இல் தொடங்குவதுதான் என்று ஆனது. ஆனால் அதற்குள் பதினாலு வருசத் தமிழ் 3000இல் தட்டப்பட்டு முடிஞ்சு போச்சு. பழைய முறையைத் தடுக்கவும் முடியாது. இன்றைக்கும் சில விசைப்பலகை இதைப் போடும், சிலது அதைப் போடும். விரலை வைக்கிறவருக்குத் தான் எதைப் போடுகிறோம் என்றே தெரியாது.

இந்த மாதிரி இரட்டை வேசம் வேற எழுத்துக்கும் உண்டு. கொ என்பதை ஒரே குறியாகவும் போடலாம், கொம்பும் காலுமாகப் பிரிச்சும் போடலாம். ஆனால் அந்த இரண்டும் சமம் என்று யுனிகோட் விதியிலேயே எழுதியிருக்கு. ஒழுங்காகச் செய்த மென்பொருள் ஒன்றாக்கிக்கொள்ளும். ஸ்ரீக்கு அந்த விதி இல்லை. நிறுவனம் தன் நூலில் ஒரு ஆலோசனை மட்டும் சொல்லியிருக்கு: மென்பொருள் செய்றவங்க இரண்டையும் ஒன்றாக நடத்தணும் என்று. ஆலோசனைதானே, கட்டாயம் இல்லையே. நம்ம ஊரில் யார் கேட்பாங்க?

*

இப்போ கொஞ்சம் ஆபிரிக்காவுக்குப் போவோம். காரணம் இருக்கு.

எத்தியோப்பியாவிலும் எரித்திரியாவிலும் கீஸ் என்று ஒரு எழுத்துமுறை. பழைய கோயில் மொழியான கீஸ், இன்றைய அம்ஹாரிக், திக்ரிஞா எல்லாம் அதில்தான் எழுதுறாங்க. நம்ம உயிர்மெய் மாதிரியே அங்கேயும் ஒரு மெய், அதோடு ஏழு உயிர் வடிவம். ஹ ஒரு வடிவம், ஹு ஒரு வடிவம், ஹி ஒரு வடிவம். அந்த எழுத்து 1999இல் யுனிகோட் 3.0 பதிப்பில் சேர்ந்தபோது, நமக்குச் செய்த மாதிரி பிரிக்கல. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். ஹ 4608, ஹு 4609, ஹி 4610 என்று வரிசையா முந்நூறுக்கும் மேல. சிங்களம் உள்ளே வந்ததும் அதே 1999, அதே 3.0 பதிப்பில்தான்.

இதைக் கேட்டதும் நம்ம ஆட்களில் ஒரு பகுதிக்கு இரத்தம் கொதிக்கும். "பார்த்தீங்களா, அவங்களுக்கு முழு எழுத்து கொடுத்தான், நமக்குத் துண்டு துண்டா வெட்டிக் கொடுத்தான்." தமிழ்நாட்டில் இந்தக் கோபத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் வேணும் என்று கேட்டு டேஸ்16 என்று ஒரு குறியேற்றத்தையே உருவாக்கினாங்க. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அந்தக் கிழமையில், தமிழ்நாடு அரசு யுனிகோடோடு அதையும் சேர்த்து ஏற்றது. கணக்கு அவங்க பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. இணையத்தில் ஓடுற முறையில் நம்ம ஒவ்வொரு எண்ணும் மூன்று பைட் பிடிக்கும். ஸ்ரீ என்ற ஒரே எழுத்துக்குப் பன்னிரண்டு பைட். கீஸின் ஒரு முழு எழுத்துக்கு மூன்றுதான். போனில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஆங்கிலத்துக்கு 160 இடம், யுனிகோடில் போகும் தமிழுக்கு 70. அதிலும் ஸ்ரீ நான்கைத் தின்னும்.

அப்படி ஒரு அட்டவணை அன்றைக்கே வந்து, ஸ்ரீக்கும் அதில் ஒரு இடம் கொடுத்திருந்தால், என் தங்கச்சிக்கு இந்த அலைச்சல் வந்திருக்காது. ஒத்துக்கிறேன்.

ஆனால் அந்த ரயில் போயிடுச்சு. ஒருமுறை எண் கொடுத்தால் திரும்ப எடுக்கிறதில்லை என்பது யுனிகோடின் அடிப்படை விதி. இனிமேல் ஸ்ரீக்கென்று ஒரு புது எண் வாங்கினாலும் பழைய இரண்டும் போகாது. இரண்டு மூன்றாகும், அவ்வளவுதான். இதைத் தெரிஞ்சுக்கிட்டே இன்னும் மேடை போட்டு "யுனிகோட் தமிழனுக்குச் செய்த துரோகம்" என்று முழங்கிறவங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருது. துரோகம் என்று சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடலாம். அலுவலகத்துத் தேடல் பெட்டியைத் திருத்த ஒருத்தரும் வரமாட்டாங்க.

அதோட, முழு எண் கிடைச்ச அம்ஹாரிக் மொழிக்காரங்களுக்கு நிம்மதியா? இல்லை. அந்த மொழியில் இன்றைக்கு ஹ என்று ஒரே மாதிரி ஒலிக்கிற எழுத்து மூன்று இருக்கு. ஸ இரண்டு. ஒரே பெயரை ஒருத்தர் இந்த ஹ போட்டு எழுதுவார், இன்னொருத்தர் அந்த ஹ போட்டு எழுதுவார். எண் வேற வேற. அப்போ தேடல் எப்படி வேலை செய்யும்? அம்ஹாரிக்குக்கு ஒழுங்காகத் தேடல் செய்கிறவர்கள் அந்த மூன்றையும் உள்ளே ஒன்றாக்கித்தான் தேடுறாங்க. எழுதுறது உன் விருப்பம், கண்டுபிடிச்சுத் தரவேண்டியது மெஷினின் கடமை. இதுதான் நமக்கு வேண்டிய பாடம். எந்த அட்டவணை வந்தாலும், மொழி தெரிஞ்ச ஒரு ஆள் உட்கார்ந்து எது எதுக்குச் சமம் என்று சொல்லிக்கொடுக்காவிட்டால் மெஷின் மடையன்தான்.

*

அடுத்த கூட்டம், எழுத்தே வேண்டாம் என்கிறவங்க. "ஸ்ரீ வடமொழி. திரு என்று வச்சுக்கோ. பிரச்சினை தீர்ந்துச்சு." இதை நான் பேஸ்புக்கில் எழுதினபோது வந்த முதல் பதிலே இதுதான்.

தனித்தமிழில் பேர் வைக்கிறது நல்ல விசயம், வைக்கிறவங்க வைக்கட்டும். ஆனால் ஏற்கெனவே இருக்கிற ஒருத்தியைப் பார்த்து உன் பேரை மாத்திக்கோ என்று சொல்ல நீங்க யாரு? மலையகத்தில் இந்த வேலையை நமக்கு இருநூறு வருசமா செஞ்சிருக்காங்க. துரை தனக்கு வாயில் வந்த மாதிரி கூப்பிட்டார். கிளார்க்கர் தனக்குத் தெரிஞ்ச எழுத்தில் செக்ரோலில் எழுதினார். பிறப்பைப் பதிஞ்சவர் தன் மொழியில் கேட்டபடி எழுதினார். அப்பாவோட சான்றிதழில் ஒரு பேரு, அடையாள அட்டையில் ஒரு பேரு, சேமலாப நிதிப் புத்தகத்தில் ஒரு பேரு என்று அலையாத வீடு எந்த லயத்தில் இருக்கு?

அந்த அலைச்சல் வெறும் தொந்தரவு இல்லை. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கிச்சு. அடுத்த வருசம் வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பிச்சவங்களில் பெரும்பாலானவங்களுக்கு நிராகரிப்புத்தான் கிடைச்சது. இத்தனை வருசம் இங்கே இருந்தேன் என்று கடதாசியில் காட்டு என்று கேட்டால், கடதாசியே கொடுக்கப்படாத சனம் எதைக் காட்டும்? நம்ம வட்டகொடைப் பக்கத்து மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையில் இருந்து நாடாளுமன்றம் போனார். அவரை அனுப்பின தோட்டத்துச் சனத்துக்கு அடுத்த தேர்தலில் வாக்கே இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரைக்கும் நாடற்றவர் என்ற சொல் இங்கே உயிரோடு இருந்துச்சு. கடதாசியில் பேரு சரியா இருக்கணும் என்று நம்ம அம்மாக்கள் ஏன் இவ்வளவு பதறுறாங்க என்று இப்போ புரியுதா?

அதனால் சொல்றேன்: மெஷினுக்கு வசதியா மனுசனின் பேரை மாத்தச் சொல்றது தமிழ்ப்பற்று ஆகாது. அது செக்ரோல் புத்தி.

"ஸ்ரீக்கு எதிராத்தானே நம்ம ஆட்கள் போராடினாங்க?" என்று இன்னொருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதன் பிறகு வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கட்டாயமாக்கினாங்க. 1958இல் வடக்குக் கிழக்கில் தார் பூசினாங்க. மலையகத்திலும் அந்தக் கொந்தளிப்பு வந்துச்சு. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் செத்தாங்க. ஒரு எழுத்துக்காக உயிர் போன நாடு இது. ஆனால் அவங்க எதிர்த்தது அந்த எழுத்தின் வளைவையும் சுழிவையுமா? தமிழ் பேசுறவனின் தலையில் அதை ஏத்தி வச்ச அதிகாரத்தையா? தங்கள் பிள்ளைகளுக்கு ஸ்ரீ என்று பேர் வச்ச சனம்தான் அந்தத் தகட்டையும் எதிர்த்துச்சு. இரண்டுக்கும் முரண்பாடே இல்லை. எழுத்து எங்களுடையது, கட்டாயம் எங்களுடையது இல்லை.

ஒரு கூடுதல் தகவலும் சொல்றேன். சிங்கள ஸ்ரீயை யுனிகோடில் எழுதுறதும் லேசான வேலை இல்லை. நடுவில் கண்ணுக்கே தெரியாத ஒரு இணைப்பிக் குறி போடணும். ஏதாவது மென்பொருள் அந்தக் குறியை விழுங்கிட்டால் அவங்க ஸ்ரீயும் உடைஞ்சுதான் தெரியும். அன்றைக்குத் தகட்டில் ஏறி ஆட்சி செய்த எழுத்தும் நம்ம எழுத்தும் இன்றைக்கு ஒரே தேடல் பெட்டியின் முன்னால் ஒரே வரிசையில்தான் நிற்குது. இந்த விசயத்தில் ஒரு சிங்கள நண்பனோட பேசிப் பாருங்க, உடனே புரிஞ்சுக்குவான்.

*

மூன்றாவது கூட்டம் ரொம்ப நடைமுறைவாதிகள். "ஏன்டா கஷ்டப்படுற, ஆங்கிலத்தில் பதிஞ்சிடு." சரி, பதியலாம். எஸ்-ஆர்-ஐ யா, எஸ்-எச்-ஆர்-ஐ யா, எஸ்-ஆர்-இ-இ யா? தமிழில் இரண்டு வழிதான் இருந்துச்சு. ஆங்கிலத்தில் வாய்க்கு வந்த வழியெல்லாம் இருக்கு. அது ஒரு பக்கம். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அவ்வளவு இரத்தம் சிந்தி எழுதின வரியை, தேடல் பெட்டி சரியா வேலை செய்யல என்ற காரணத்துக்காக நாமே கையைத் தூக்கி விட்டுக்கொடுக்கிறதா? பலகையில் தமிழ் இருக்கு, படிவத்தில் தமிழ் இருக்கு, உள்ளே இருக்கிற தரவுத்தளத்தில் மட்டும் தமிழ் செத்துக் கிடக்குது. பெயர்ப்பலகைத் தமிழை மட்டும் எண்ணிப் பார்த்துத் திருப்திப்படுற அரசியல் இனிப் போதாது.

நான்காவது, நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கிற எதிரி: பாமினி. கோவிச்சுக்காதீங்க. பள்ளிக்கூட வினாத்தாள், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், மரண அறிவித்தல், கல்யாணக் கார்ட் எல்லாம் பாமினியில் அடிச்சுப் பழகின ஊர் இது. கஷ்டமான காலத்தில் தமிழை மெஷினில் காட்டின பெருமை அதுக்கு உண்டு. ஆனால் பாமினி தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி. பாமினியில் தமிழ் என்று அடிச்சால் உள்ளே போய் உட்கார்றது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. முகமூடி இல்லாத மெஷினில் திறந்தால் அந்தக் குப்பைதான் தெரியும். அதில் ஸ்ரீக்கு ஒரே விசை. அதை யுனிகோடுக்கு மாத்துறபோது 2998 வருமா 3000 வருமா என்பது, மாற்றியை எழுதினவர் அன்றைக்கு என்ன நினைச்சாரோ அதைப் பொறுத்தது. ஔவையார் பாடு இன்னும் மோசம். பாமினியில் ஒ போட்டு ள போட்டு அடிச்சுப் பழகினதால், மாத்தின பிறகும் பல இடத்தில் ஔ என்ற உயிரெழுத்துக்குப் பதிலா ஒவும் ளவும் தனித்தனியா நிற்கும். பார்க்க ஔவையார், தேடினால் ஒ-ளவையார்.

இதுக்குத் தரநிலை இல்லாமல் இல்லை. இலங்கையிலேயே எஸ்எல்எஸ் 1326 என்று தமிழுக்கு 2008இல் ஒன்று இருக்கு. தரநிலை புத்தகத்தில் இருந்து, கடையில் பாமினி இருந்தால், வெல்றது கடைதான்.

*

சரி, என்ன செய்யலாம்? குறை சொல்லிட்டுக் கலைஞ்சு போனால் நானும் அந்த மேடைக்காரங்க மாதிரித்தான். நான் கேட்கிறது ஐந்து விசயம்.

ஒன்று. தமிழில் பெயர் வாங்குற எந்தப் பொதுத் தரவுத்தளமும், 3000இல் தொடங்குற ஸ்ரீயை உள்ளே எடுக்கிறபோதே 2998ஆக மாத்திச் சேமிக்கணும். தேடுறவர் எதைத் தட்டினாலும் அதே மாற்றத்தைச் செய்து தேடணும். இது பெரிய ஆராய்ச்சி இல்லை. நிரல் எழுதத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்குச் சில வரி வேலை.

இரண்டு. காசு கொடுத்து மென்பொருள் செய்விக்கிற நிறுவனம் எதுவாக இருந்தாலும், வாங்குறதுக்கு முன்னால் நம்ம பெயர்களை வச்சு அதைச் சோதிக்கணும். ஸ்ரீ, ஔ, கொ, கோ, கௌ, க்ஷ வருகிற ஐம்பது பெயர் போதும். வரிசைப்படுத்தச் சொல்லியும் பார்க்கணும். எண் வரிசையை நம்பினால் ந என்பதுக்கு அடுத்து ன வந்து நிற்கும், ர என்பதுக்கு அடுத்து ற வரும். பட்டியலில் பெயர் தேடுற தாத்தா பாவம்.

மூன்று. மெஷின் பெயரைக் கண்டுபிடிக்காததுக்கு மனுசன் சத்தியக்கடதாசி கொடுக்கக் கூடாது. கண்ணால் பார்க்க ஒன்றாக இருக்கிற இரண்டு பெயர் சட்டத்துக்கும் ஒன்றுதான் என்று அலுவலர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தல் போகணும். ஒரு நாள் பெயரை இழந்தால் எங்களுக்கு என்ன போகும் என்று அலுவலகத்தில் உள்ளவங்களுக்குத் தெரியணும்: பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, அம்மாவோட ஒரு நாள் சம்பளம், சிலசமயம் அந்த வாய்ப்பே.

நான்கு. பாமினியை நாமே நிறுத்தணும். ஆசிரியர்மார், சங்கத்துக்காரங்க, சஞ்சிகை போடுறவங்க எல்லாருக்கும்தான் சொல்றேன். நூலகம் போன்ற எண்ணிம நூலகங்கள் 2005இல் இருந்து நம்ம புத்தகங்களைச் சேர்த்து வச்சிருக்கு. அதில் பெரும்பகுதி பக்கங்களின் படம். அதை நாளைக்கு எழுத்தாக்கித் தேடுற நிலைமைக்குக் கொண்டுவரப் போறது நம்ம தலைமுறைதான். அப்போ ஒரே பெயரை மூன்று விதமா தட்டி வச்சோம் என்றால், மலையகத்து எழுத்தை நாமே இரண்டாம் முறை தொலைச்ச மாதிரி.

ஐந்து. அட்டவணை போடுற மேசைக்கு நாம போகணும். அது ஏதோ வெள்ளைக்காரன் மாளிகை என்று நினைக்கிறோம். யாரும் ஆதாரத்தோட முன்மொழிவு எழுதி அனுப்பலாம். எத்தியோப்பியாவின் குராகே மொழிகளுக்குத் தேவையான எழுத்துக்கள் 1999இல் விடுபட்டுப் போச்சு. கேட்டாங்க, விடாமல் எழுதினாங்க, 2021இல் 14.0 பதிப்பில் ஒரு புதுப் பகுதியே கிடைச்சது. நம்ம பக்கமும் நடந்திருக்கு. கணக்குப்பிள்ளைமார் காலத்து மாகாணி, வீசம், அரைக்கால் மாதிரியான பின்னக் குறிகள் 2019இல் 12.0 பதிப்பில் இடம் பிடிச்சது, யாரோ உட்கார்ந்து பழைய ஏடும் கணக்குப் புத்தகமும் காட்டி எழுதினதாலே. யாரும் பாவிக்காத வீசத்துக்கு இடம் வாங்க முடியும் என்றால், உயிரோட இருக்கிற பிள்ளைகளின் பெயருக்கு ஒரு சமன்பாட்டை வாங்க முடியாதா?

"இவ்வளவு பிரச்சினை இருக்கிற மலையகத்தில் இதுதான் உனக்குப் பிரச்சினையா? சம்பளம் இல்லை, காணி இல்லை, வீடு இல்லை" என்று கேட்பீங்க. எனக்கும் அது கேட்குது. நான் சொல்றது, அது எல்லாம் இனி ஒரு பட்டியல் வழியாத்தான் வரும். வீட்டுத்திட்டத்துக்குப் பட்டியல், நிவாரணத்துக்குப் பட்டியல், காணி உறுதிக்குப் பட்டியல், வாக்காளர் பட்டியல். பட்டியல் இப்போ புத்தகத்தில் இல்லை, மெஷினில் இருக்கு. அந்தக் காலத்தில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டபோது விடுபட்டால் அன்றைய பேர் போச்சு. ஆனால் கணக்குப்பிள்ளைக்கு முன்னால் நின்று சத்தம் போட முடியும்: ஐயா, நான் இங்கேதான் நிற்கிறேன். மெஷினுக்கு முன்னால் நின்று எவ்வளவு சத்தம் போட்டாலும் அதுக்குக் கேட்காது. அதுக்குக் கேட்கிற மாதிரி முன்கூட்டியே எழுதி வைக்கணும்.

என் தங்கச்சிக்கு அந்தப் பயிற்சி கிடைச்சது, ஒரு மாசம் பிந்தி. இப்போ எந்தப் படிவம் நிரப்பப் போனாலும் கடைக்காரர்கிட்ட, "அண்ணே, முதல் எழுத்தை நானே போடுறேன்" என்று கேட்டு வாங்கித் தட்டுறாள். அவளுக்கு 2998 மனப்பாடம். ஆனால் தன் பேரைத் தானே தேடிக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளை எண் மனப்பாடம் செய்யணும் என்றால், வெட்கப்பட வேண்டியது அவள் இல்லை.

உங்க பேரிலும் அந்த எழுத்து இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்க. நீங்க பதிஞ்சிருக்கிற ஒவ்வொரு இடத்திலும் உங்க பேரை இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்க. கிடைக்காத இடத்தைக் குறிச்சு வையுங்க, படம் பிடிச்சு வையுங்க. ஆளுக்கொன்றாகச் சேர்த்தால் அது முறைப்பாடு இல்லை, ஆதாரம். அதைத் தூக்கிக்கிட்டுச் சேர்ந்து போவோம்.